அப்பாவின் நுரையீரல் கட்டி: புற்றுநோயா, பவுண்டரி மணலா?

கேள்வியின் சுருக்கம்: "கோவை கணபதியில் இருக்கிறோம். அப்பாவுக்கு 66 வயது. 24 வருடம் பவுண்டரி வேலை. முதலில் மோல்டிங், அப்புறம் ஃபெட்லிங். 2009-ல் நின்றுவிட்டு மளிகைக் கடை வைத்திருக்கிறார். பீடி பிடித்தவர், விட்டுப் பத்து வருடம் ஆகிறது. மூன்று மாதமாக இருமல், படியேறினால் இளைப்பு. சி.டி.யில் வலது மேல் நுரையீரலில் 4 செ.மீ. கட்டி. பெட் ஸ்கேனிலும் அது எரிகிறதாம். கேன்சராக இருக்கலாம், பயாப்ஸி எடுக்க வேண்டும் என்கிறார்கள். இன்னொரு டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, சிலிகோசிஸ் மாதிரி இருக்கிறது என்றார். சொந்தக்காரர்கள் ஊசி குத்தினால் பரவிவிடும் என்று பயமுறுத்துகிறார்கள். எதை நம்புவது? தம்பி வேறு கிரானைட், குவார்ட்ஸ் பலகை அறுக்கும் கடை வைத்திருக்கிறான்."

இரண்டு டாக்டர்களில் யாரும் தப்பாகச் சொல்லவில்லை. பீடி பிடித்த 66 வயதுக்காரரின் மேல் நுரையீரலில் 4 செ.மீ. கட்டி, அதுவும் பெட் ஸ்கேனில் எரிகிற கட்டி என்றால், முதலில் புற்றுநோயைத்தான் நினைக்க வேண்டும். 24 வருடம் மணலில் புழங்கியவர் என்று தெரிந்தால் சிலிகோசிஸின், அதாவது மணல் தூசி மூச்சோடு போய் நுரையீரலில் தழும்பு விழும் நோயின், முற்றிய நிலையையும் அதே மூச்சில் நினைக்க வேண்டும். கோவையில் நெஞ்சு நோய் மருத்துவம் பார்க்கிற எனக்கு இந்தக் குழப்பம் பழக்கமானதுதான். சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பயாப்ஸிக்கு (ஊசியால் கட்டியிலிருந்து மாதிரி எடுப்பதற்கு) முன்னால் அப்பாவின் வேலை வரலாற்றையும் பழைய எக்ஸ்ரேக்களையும் டாக்டரின் மேசையில் கொண்டுபோய் வையுங்கள். அதே சமயம், "எல்லாம் மணலால் வந்ததுதான்" என்று வீட்டிலேயே முடிவு கட்டிப் பயாப்ஸியைத் தள்ளிப் போடாதீர்கள். இரண்டு நோயும் ஒரே நெஞ்சில் இருக்கலாம்.

அப்பாவிடம் வேலையைப் பற்றிக் கேட்கும்போது "பவுண்டரியில் இருந்தேன்" என்ற ஒரு வரியோடு விட்டுவிடாதீர்கள். பவுண்டரிக்குள், அதாவது இரும்பை உருக்கி வார்க்கும் பட்டறைக்குள், எந்த இடத்தில் நின்றார் என்பதுதான் முக்கியம். மணலில் அச்சுப் பிடிக்கும் மோல்டிங்கில் மணல் ஈரமாக இருக்கும், பென்டோனைட் களிமண் கலந்திருக்கும். பிடித்தால் பிடித்தபடி நிற்கும், தூசி அவ்வளவாகப் பறக்காது. உருகிய இரும்பை ஊற்றியதும் கதை மாறுகிறது. ஆயிரத்துச் சொச்சம் டிகிரி சூட்டில் அந்த ஈரமெல்லாம் போய், மணல் காய்ந்து பொரிந்துவிடும். அச்சைத் தட்டிக் காஸ்டிங்கை வெளியே எடுக்கிற நாக்-அவுட்டில் அந்தக் காய்ந்த மணல் புகையாக எழும்பும். அப்புறம் ஃபெட்லிங். பம்ப் பாடியோ மோட்டார் பாடியோ, அதன் மேல் வெந்து ஒட்டிக்கொண்ட மணலை ஹேண்ட் கிரைண்டரால் தேய்த்து எடுப்பார்கள். முகம் வேலைக்கு அரை அடி தூரத்தில் இருக்கும், சக்கரம் நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்று சுற்றும். வார்ப்பட மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ் என்ற சிலிக்காக் கனிமம். சக்கரம் அதை இன்னும் பொடியாக்கி நேரே மூக்குக்கு அனுப்புகிறது. உங்கள் அப்பா மோல்டிங்கிலிருந்து ஃபெட்லிங்குக்கு மாறியது எந்த வருடம், அங்கே எத்தனை வருடம் இருந்தார், இரும்புக் குண்டுமணிகளைப் பீய்ச்சிக் காஸ்டிங்கைச் சுத்தம் செய்யும் ஷாட் பிளாஸ்டிங் அறைக்குள் போனதுண்டா, தூசியை இழுக்கும் குழாய் இருந்ததா என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு அசல் டெஸ்ட் ரிப்போர்ட்டுக்கு உள்ள மதிப்பு அந்தத் தாளுக்கு உண்டு.

கேட்டால் பெரியவர்கள் சொல்லும் பதில் எனக்கு மனப்பாடம்: "தூசியாவது ஒண்ணாவதுங்க, துண்டைக் கட்டிக்கிட்டாச் செரியாப் போச்சு." துண்டு தடுப்பது கண்ணுக்குத் தெரிகிற தூசியை. அது தடுக்காவிட்டாலும் மூக்கிலும் தொண்டையிலும் நின்று சளியோடு வெளியே வந்துவிடும். நுரையீரலின் கடைசிக் காற்றறை வரைக்கும் போவது சுமார் 5 மைக்ரானுக்குக் கீழே உள்ள துகள். தலைமுடியின் கனம் 70 மைக்ரான் அளவில் இருக்கும் என்று வைத்துக்கொண்டால், இது எவ்வளவு சிறியது என்று புரியும். துண்டின் நெசவுக் கண் அதற்குத் திறந்த வாசல். கண்ணுக்குத் தெரிகிற தூசி தரையில் படிந்த பிறகும் இந்தப் பொடி மணிக்கணக்கில் காற்றிலேயே நிற்கும்.

வெல்லத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தூசி வேலை முடிந்ததும் ஒரு துண்டு வெல்லம் சாப்பிட்டால் உள்ளே போன தூசி இறங்கிவிடும் என்று நம் பக்கத்தில் ஒரு நம்பிக்கை. சில பட்டறைகளில் முதலாளியே வாங்கிக் கொடுப்பார், சில இடங்களில் வாழைப்பழம். கவுந்தப்பாடி வெல்லத்தின் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் அது போவது உணவுக்குழாய் வழியாக வயிற்றுக்கு, மணல் போனது மூச்சுக்குழாய் வழியாக நுரையீரலுக்கு. வெல்லம் கொடுத்த காசில் தூசி உறிஞ்சும் ஃபேன் ஒன்று மாட்டியிருந்தால் பல பேர் என்னிடம் வந்திருக்க மாட்டார்கள்.

உள்ளே போன குவார்ட்ஸ் என்ன செய்கிறது? காற்றறைகளில் விழுங்கணுக்கள் என்ற காவல் செல்கள் உண்டு. கிருமி வந்தாலும் தூசி வந்தாலும் விழுங்கிக் கரைப்பது அவற்றின் வேலை. குவார்ட்ஸை அவற்றால் கரைக்க முடியாது. விழுங்கிய செல் செத்து வெடிக்கிறது, உள்ளே இருந்த ரசாயனங்கள் கொட்டி அக்கம்பக்கத்தைப் புண்ணாக்குகின்றன, துகள் அப்படியே வெளியே வந்து அடுத்த செல்லுக்குள் போகிறது. இந்தச் சுற்று ஓயாது. புண் ஆற உடம்பு தழும்புத் திசுவைப் போடுகிறது, அது மிளகு அளவுக்கு முடிச்சு முடிச்சாக மேல் நுரையீரல் முழுக்கப் பரவுகிறது. சில பேருக்கு அந்த முடிச்சுகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிய கட்டியாகும். 1 செ.மீ.யைத் தாண்டினால் அதைச் சிக்கலான சிலிகோசிஸ் என்கிறோம், "பெருந்தழும்பு நிலை" என்றும் சொல்லலாம். உங்கள் அப்பாவுக்கு இரண்டாவது டாக்டர் சந்தேகப்படுவது இதைத்தான்.

"2009-லேயே நின்றுவிட்டாரே, இப்போது எப்படி வரும்?" என்று உங்களுக்குத் தோன்றும். வழக்கமான சிலிகோசிஸ் தூசியில் பத்து வருடமோ அதற்கு மேலோ இருந்தவர்களுக்கு வருவது. வேலையை விட்ட பிறகும் மணல் உள்ளேயே இருக்கிறது, மேலே சொன்ன சுற்று நடந்துகொண்டேதான் இருக்கும். வேலையில் இருந்த வரைக்கும் நன்றாக இருந்து, மளிகைக் கடையில் உட்கார்ந்த பிறகு மூச்சு வாங்குவதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. தூசி மிக அதிகமாக இருந்தால் 5 முதல் 10 வருடத்துக்குள்ளேயே முற்றும் வகையும் உண்டு. சில மாதங்களிலேயே ஆளைச் சாய்க்கும் வகையும் உண்டு, அது அபூர்வம்.

இந்த நோய் ஒன்றும் புதிதல்ல. இந்தியாவில் இது முதன்முதலில் பதிவானது 1934-ல், மைசூர் சமஸ்தானத்தின் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களிடம். கோலார் தங்க வயலில் பாறை உடைத்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள் என்பதை நம் ஆட்கள் மறந்துவிட்டார்கள். கோவை வட்டாரத்தில் நெஞ்சு நோய் என்றாலே மில்லும் பஞ்சுத் தூசியும்தான் பேச்சில் வரும். பஞ்சுத் தூசியால் வருவது வேறு நோய். வார விடுமுறை முடிந்து வேலைக்குப் போகிற முதல் நாளில் நெஞ்சு இறுகும், மூச்சுக்குழாய் சுருங்கும். படத்தில் கட்டியாகத் தெரியாது. கட்டியாகத் தெரிவது கல்லும் மணலும். பவுண்டரி, கிரைண்டர் கல் கொத்துவது, காரணம்பேட்டை பக்கத்துக் கல் குவாரி, கிரஷர், கிரானைட் பட்டறை என்று அந்த வேலைகளுக்கும் நம் பக்கத்தில் குறைவில்லை. ஆனால் புறநோயாளி வரிசையில் நிற்பவரிடம் "என்ன வேலை செய்தீர்கள்?" என்று கேட்க யாருக்கும் நேரமில்லை. கேட்டாலும் "மளிகைக் கடை" என்று இன்றைய வேலையைச் சொல்லிவிடுவார்கள்.

சரி, படத்துக்கு வருவோம். கட்டி மணலா புற்றா என்று சொல்ல சி.டி.யில் சில தடயங்கள் உண்டு. கட்டியை விட்டுவிட்டு மீதி நுரையீரலைப் பாருங்கள். இரண்டு பக்கமும் மேல் பாதியில் சின்னச் சின்ன முடிச்சுகள் சிதறியிருந்தால் சிலிகோசிஸ் இருப்பது ஏறக்குறைய உறுதி. இதயத்தை ஒட்டிய நிணநீர்க் கணுக்களின் ஓரத்தில் முட்டை ஓடு மாதிரி சுண்ணாம்பு படிந்திருந்தால் இன்னும் உறுதி. சிலருக்குத்தான் அது இருக்கும், ஆனால் இருந்தால் நல்ல சாட்சி. பெருந்தழும்பு பொதுவாக இரண்டு பக்கமும் வரும். அதன் வெளி விளிம்பு விலா எலும்பின் வளைவுக்கு இணையாக ஓடும். வருடங்கள் போகப் போகச் சுருங்கிச் சுருங்கி நுரையீரலின் நடுவை நோக்கி நகரும். நகர்ந்த இடத்தில், கட்டிக்கும் நெஞ்சுச் சுவருக்கும் நடுவே, காற்று நிறைந்த கருப்பு வெற்றிடம் மிஞ்சும். கட்டிக்குள்ளேயே சுண்ணாம்புப் புள்ளிகளும் தெரியலாம். உங்கள் அப்பாவுக்குக் கட்டி ஒரே பக்கத்தில் என்று எழுதியிருக்கிறீர்கள். மணல் கட்டி ஒரு பக்கம் மட்டும் வருவதும் உண்டு, அப்படி வரும்போதுதான் புற்றுநோயோடு அதிகம் குழம்புகிறது. விளிம்பு முள் முள்ளாக இருக்கிறது என்று ரிப்போர்ட்டில் எழுதியிருந்தால் அதை வைத்து மட்டும் பயந்துவிடாதீர்கள். தழும்பும் பக்கத்துத் திசுவை இழுத்து அதே முள் தோற்றத்தைக் கொடுக்கும்.

பெட் ஸ்கேனைப் பற்றித்தான் குடும்பங்களுக்குப் பெரிய தவறான எண்ணம். "எரிகிறது, அதனால் கேன்சர்" என்பது அப்படியே சரியல்ல. அந்த ஸ்கேன் காட்டுவது சர்க்கரையை வேகமாகச் செலவழிக்கும் இடத்தை. புற்றுநோய் செலவழிக்கும், டி.பி. செலவழிக்கும், ஓயாமல் புண்ணாகிக்கொண்டிருக்கும் மணல் கட்டியும் செலவழிக்கும். பெருந்தழும்பு பெட்டில் பளிச்சென்று தெரிவது சாதாரணம். ரிப்போர்ட்டில் எவ்வளவு எரிகிறது என்று காட்டும் எஸ்.யு.வி. எண்ணைக் கூகுளில் போட்டுப் பார்த்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வதில் பலன் இல்லை.

இதில் பலரும் கவனிக்காத சிக்கல் ஒன்று இருக்கிறது. சிலிகோசிஸ்காரர்களுக்கு நெஞ்சுக்குள் இருக்கும் நிணநீர்க் கணுக்களும் வீங்கி எரியும். ஒருவேளை கட்டி உண்மையிலேயே புற்றுநோய் என்று முடிவானாலும், "கணுக்களும் எரிகின்றன, பரவிவிட்டது, ஆபரேஷன் முடியாது" என்று பெட் படத்தை மட்டும் வைத்து யாராவது சொன்னால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். அந்தக் கணுவிலிருந்து மாதிரி எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மணலால் எரிகிற கணுவைப் புற்று என்று எண்ணி, குணமாகக்கூடிய ஒருவருக்கு அறுவை சிகிச்சையை மறுத்துவிடக் கூடாது.

எம்.ஆர்.ஐ. இங்கே கொஞ்சம் கைகொடுக்கும். டி2 என்ற வகைப் படத்தில் புற்றுநோய் பொதுவாக வெளுப்பாகவும், நார்த் தழும்பு கருப்பாகவும் தெரியும். கடைசித் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள முடியாது, ஆனால் எந்தப் பக்கம் சாய்கிறது என்று காட்டும். கட்டிக்குள் எந்த இடம் சந்தேகமாக இருக்கிறதோ அந்த இடத்தைப் பார்த்து ஊசி போடவும் உதவும். உங்கள் டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள்.

இந்த எல்லாவற்றையும் விட எனக்குப் பிடித்த டெஸ்ட் காசு கேட்காதது. பழைய எக்ஸ்ரே. பீரோ மேலே, கட்டிலுக்கு அடியில், ஜவுளிக் கடைப் பைக்குள் எங்காவது இருக்கும். குடலிறக்க ஆபரேஷனுக்கு முன் எடுத்தது, இருமல் என்று எப்போதோ போனபோது எடுத்தது, டி.பி. சந்தேகத்தில் எடுத்தது, எதுவாக இருந்தாலும் சரி. அப்பா இ.எஸ்.ஐ.யில் இருந்திருந்தால் சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் பழைய பதிவு ஏதாவது இருக்கிறதா என்று விசாரியுங்கள். 2014-ல் எடுத்த படத்தில் அதே இடத்தில் அதே நிழல், கொஞ்சம் சிறிதாக இருந்தால், பாதிக் கேள்விக்குப் பதில் வந்துவிடும். நுரையீரல் புற்றுக்கட்டி மாதக் கணக்கில் வளர்வது, மணல் கட்டி வருடக் கணக்கில் வளர்வது. இரண்டு வருடமாக அசையாமல் இருக்கிற திடமான கட்டி புற்றாக இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. போன வருடப் படத்தில் சுத்தமாக இருந்த இடத்தில் இன்றைக்கு 4 செ.மீ. என்றால், அப்பா எத்தனை வருடம் மணல் தின்றிருந்தாலும் முதலில் பயாப்ஸிதான். படம் கிடைத்தால் பின்னால் பல்ப் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவதோடு நிறுத்தாதீர்கள், ஃபிலிமையே கையில் கொண்டுபோங்கள்.

நடுவில் மூன்றாவது ஆள் ஒருவர் நிற்கிறார், டி.பி. சிலிகோசிஸ் உள்ளவருக்கு டி.பி. வரும் வாய்ப்பு மற்றவர்களை விடப் பல மடங்கு அதிகம். காவல் செல்களே செத்துக்கொண்டிருக்கிற இடத்தில் கிருமிக்குக் கொண்டாட்டம்தானே. இருமல், எடை குறைவு, சாயங்காலக் காய்ச்சல், சளியில் ரத்தம் என்று அறிகுறிகளும் ஒன்று போலவே இருக்கும். கட்டிக்குள் குழி விழுந்திருந்தால் டி.பி.யைக் கட்டாயம் தேட வேண்டும். இதற்கு நேர்மாறான தொல்லையும் உண்டு. பெருந்துறை டி.பி. சானடோரியம் காலத்திலிருந்தே நம் பக்கத்தில் நெஞ்சுப் படத்தில் மேல் பாகம் மங்கலாக இருந்தால் டி.பி. என்று எழுதிவிடும் பழக்கம் இருக்கிறது. சளியில் கிருமி கிடைக்காமலே ஆறு மாதம் மாத்திரை, படம் மாறவில்லை, திரும்ப ஆறு மாதம். அப்படி இரண்டு மூன்று கோர்ஸ் முடித்துவிட்டு வருகிறவர்களிடம் "என்ன வேலை?" என்று கேட்டால் கல்லுடைப்போ ஃபெட்லிங்கோ என்பார்கள். அதனால் அப்பாவின் சளியை அரசு மருத்துவமனையில் மூலக்கூறு சோதனைக்குக் கொடுங்கள், இலவசம்தான், சீக்கிரமே முடிவு தெரிந்துவிடும். கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கும் அனுப்பச் சொல்லுங்கள். டி.பி. உறுதியானால், சிலிகோசிஸ் இருப்பவருக்கு வழக்கமான ஆறு மாதத்துக்கு மேலும் மருந்தை நீட்டிப்பது வழக்கம் என்பதை நினைவில் வையுங்கள். டி.பி. இல்லை என்றால், ஒளிந்திருக்கும் கிருமி இருக்கிறதா என்று பார்த்துத் தடுப்பு மருந்து தருவதும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் அந்தச் சோதனைக்கும் சிகிச்சைக்கும் உரியவர்கள் என்று சொல்லும் பட்டியலில் சிலிகோசிஸ்காரர்கள் இருக்கிறார்கள்.

இப்போது ஊசி. "குத்தினால் பரவும்" என்ற பயத்தை நான் தினமும் கேட்கிறேன். ஊசி போன தடத்தில் புற்றுச் செல் முளைப்பது நுரையீரலில் மிக மிக அபூர்வம். பயந்து மூன்று மாதம் காத்திருப்பதில் உள்ள ஆபத்து அதை விட எத்தனையோ மடங்கு பெரியது. உங்கள் அப்பா விஷயத்தில் நீங்கள் உண்மையிலேயே கவலைப்பட வேண்டியது வேறு. கட்டியைச் சுற்றி நுரையீரல் ஊதிப் போயிருந்தால், ஊசி போகும்போது காற்று கசிந்து நுரையீரல் சுருங்கலாம். நெஞ்சுச் சுவர் வழியாக ஊசி போட்டால் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இந்தக் காற்றுக்கசிவு வருகிறது. பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும், சிலருக்கு மட்டும் குழாய் போட்டு இரண்டு மூன்று நாள் வைத்திருக்க வேண்டி வரும். அதனால் நெஞ்சில் குழாய் போடும் வசதி உள்ள இடத்தில், மூச்சுத் திறன் சோதனை செய்து பார்த்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும். இதயத்துக்காக ரத்தத்தை இளக்கும் மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறார் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நிணநீர்க் கணு எட்டும் இடத்தில் இருந்தால் மூச்சுக்குழாய் வழியாக அல்ட்ராசவுண்ட் வைத்து எடுப்பது இதை விடப் பத்திரம்.

மாதிரி லேபுக்குப் போகும்போது கூடவே போகிற படிவத்தில் "பவுண்டரி, ஃபெட்லிங், 24 வருடம்" என்று எழுதச் சொல்லுங்கள். பெரும்பாலும் "நுரையீரல் கட்டி, புற்றுநோயா?" என்று மட்டும் எழுதி அனுப்புவார்கள். வேலை என்ன என்று தெரிந்த நோய்க்குறியியல் டாக்டர் வெங்காயத் தோல் அடுக்கு மாதிரி சுழன்று கிடக்கும் நார்த் திசுவைத் தேடுவார், முனைவாக்கிய ஒளியில் வைத்து மங்கலாக மின்னும் துகள்களைத் தேடுவார். தெரியாதவர் "வெறும் நார்த் திசு, புற்றுச் செல் இல்லை" என்று முடித்துவிடுவார். அந்த இரண்டாவது ரிப்போர்ட்டோடு வீட்டுக்கு வந்து பாயசம் வைத்துவிடாதீர்கள். ஊசி கட்டியின் ஒரு மூலையைத்தான் தொட்டது. "புற்றுச் செல் கிடைக்கவில்லை" என்பதற்கும் "புற்று இல்லை" என்பதற்கும் இடையே தூரம் இருக்கிறது. படமும் வேலையும் மாதிரியும் மூன்றும் ஒன்றுபோல மணலைக் காட்டினால் நிம்மதி அடையலாம். அப்போதும் மூன்று மாதத்தில் ஒரு சி.டி., அப்புறம் ஆறு மாதத்தில் ஒன்று என்று டாக்டர் சொல்கிற இடைவெளியில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மற்ற முடிச்சுகள் எல்லாம் அப்படியே இருக்க, ஒன்று மட்டும் தனியாக வளர்ந்தால் மறுபடி மாதிரி எடுக்க வேண்டும்.

இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. மூச்சில் போகும் குவார்ட்ஸைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1997-லேயே முதல் வகுப்பில் வைத்துவிட்டது. மணலும் பீடியும் சேர்ந்தவருக்கு ஆபத்து இன்னும் கூடுதல். அதனால் "சிலிகோசிஸ் இருக்கிறது" என்ற தகவல் புற்றுநோய்ச் சந்தேகத்தைக் குறைத்துவிடும் என்று நினைக்காதீர்கள்.

சிலிகோசிஸ்தான் என்று முடிவானால் சிகிச்சை என்ன என்பீர்கள். மணலைக் கரைக்கும் மருந்து கிடையாது. கரைக்கிறேன் என்று லேகியம் விற்பவரை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். பீடியைத் திரும்பத் தொடாமல் இருப்பது, ஃப்ளூ மற்றும் நிமோனியாத் தடுப்பூசி, மூச்சுப் பயிற்சி, மூச்சுக்குழாய் சுருங்கியிருந்தால் இன்ஹேலர், ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தால் வீட்டு ஆக்சிஜன், இவைதான். தழும்பு வேகமாகப் பரவுகிறவர்களுக்கு தழும்பை மெதுவாக்கும் நின்டெடானிப் போன்ற மருந்துகளை யோசிப்பது உண்டு. அது நெஞ்சு நோய் மருத்துவர் ஆளைப் பார்த்து எடுக்க வேண்டிய முடிவு. மூட்டு வலியோ, விரல்கள் குளிரில் வெளுப்பதோ இருந்தாலும் சொல்லுங்கள். சிலிக்காவோடு முடக்குவாதமும் தோல் இறுகும் நோயும் சேர்ந்து வருவதுண்டு.

நீங்கள் கேட்காத ஒன்று, பணம். சிலிகோசிஸ் சட்டப்படி தொழில்சார் நோய். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் இதை அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் வைத்தது. 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் சிலிகோசிஸும் சிலிகோசிஸோடு வந்த டி.பி.யும் இருந்தன. 2025 நவம்பரில் இந்தச் சட்டங்களின் இடத்துக்குப் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் வந்துவிட்டன. இ.எஸ்.ஐ.யில் இருந்தவர் என்றால் மருத்துவக் குழு முன் போய் நிரந்தர ஊனப் பலன் கேட்கலாம். இல்லாதவர் இழப்பீடு கேட்டுத் தொழிலாளர் துறையிடம் மனு செய்யலாம். அதற்குக் கெடு உண்டு, அதனால் தாமதிக்காமல் விசாரியுங்கள். அப்பா பல பட்டறைகளில் மாறி மாறி வேலை செய்திருக்கலாம், ரோலில் பேரே இல்லாமலும் இருந்திருக்கலாம். பி.எஃப். சீட்டு, பழைய அடையாள அட்டை, கூட வேலை செய்தவர்களின் வாக்குமூலம் என்று கிடைப்பதையெல்லாம் சேர்த்து வையுங்கள். அந்தக் கூட வேலை செய்தவர்களையும் ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரே ஷெட்டில் அதே காற்றைத்தான் அவர்களும் சுவாசித்தார்கள்.

கடைசியாக உங்கள் தம்பி. அப்பாவை விட அவரை நினைத்தால்தான் எனக்குக் கொஞ்சம் அவசரம். கிரானைட்டில் குவார்ட்ஸ் கால் பங்கு, மூன்றில் ஒரு பங்கு என்ற அளவில் இருக்கும். இப்போது சமையல் மேடைக்கு எல்லாரும் கேட்கிற, பிசினில் குவார்ட்ஸ் பொடியைக் குழைத்துச் செய்த செயற்கைப் பலகையில் 90 சதவீதத்துக்கு மேல் கூடப் போகும். அதைத் தண்ணீர் ஊற்றாமல் அறுத்த இளைஞர்கள் சில வருடங்களிலேயே நோயில் விழுந்ததைப் பார்த்துத்தான் ஆஸ்திரேலியா 2024 ஜூலை முதல் அந்தப் பலகையையே தடை செய்தது. அதற்கு முன்னால் துருக்கியில் ஜீன்ஸ் துணியை வெளுக்க மணல் பீய்ச்சிய இளைஞர்களுக்கு இதே நோய் வந்து, 2009-ல் அந்த வேலையைத் தடை செய்தார்கள். தம்பி செய்ய வேண்டியது: தண்ணீர் ஊற்றாமல் எந்தப் பலகையையும் அறுக்கவோ தேய்க்கவோ கூடாது, வாடிக்கையாளர் வீட்டில் மேடை பொருத்தும்போது சிங்குக்கு ஓட்டை போடுவது உட்பட. கடையைப் பெருக்காமல் ஈரத்தோடு கழுவ வேண்டும், காற்றுக் குழாயால் சட்டையை ஊதித் தட்டக் கூடாது. மெடிக்கல் ஷாப் நீல மாஸ்க் போதாது, முகத்தோடு ஒட்டி நிற்கும் என்95 அல்லது மாற்றத்தக்க வடிகட்டி உள்ள அரை முகக் கவசம் வேண்டும். தாடி வைத்திருந்தால் எந்த மாஸ்க்கும் ஓரத்தில் ஒட்டாது, மழித்துவிடச் சொல்லுங்கள். இருமல் இல்லை என்று சொன்னாலும் இந்த மாதமே அவரையும் அவரிடம் வேலை செய்கிற பையன்களையும் ஒரு எக்ஸ்ரேக்கும் மூச்சு ஊதும் சோதனைக்கும் கூட்டிப் போங்கள். அந்தப் படங்களைப் பத்திரமாக எடுத்து வையுங்கள், அடுத்த வருடம் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.